ஸ்ரீபெரும்புதூர் வழியா தினமும் போறீங்களா? ராஜீவ் காந்தியின் இந்தப் பக்கம் தெரியுமா?

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் வரும்போது, ஸ்ரீபெரும்புதூர் ஹைவே ஓரம் ராஜீவ் காந்தி நினைவிடத்தைப் பார்த்திருப்பீங்க. பாதிப் பேர் போனிலிருந்து தலையே தூக்க மாட்டோம், அது வேற விஷயம். உள்ளே ஏழு தூண்கள். அதில் ஒன்று நியாயத்துக்கானது. அவர் எப்படி இறந்தார்னு எல்லாருக்கும் தெரியும். எப்படி ஆண்டார்னு கேட்டா?

1944-ல் மும்பையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தும் பட்டம் வாங்காமல் திரும்பி, இந்தியன் ஏர்லைன்ஸில் பைலட்டானார். கேமரா, ஹாம் ரேடியோனு கேட்ஜெட் பிரியர். இன்னிக்கு இருந்திருந்தா டெக் சேனல் ஆரம்பிச்சிருப்பார்! 1980-ல் தம்பி சஞ்சய் விமான விபத்தில் இறந்த பிறகுதான் அரசியலுக்கு வந்தார். 18 வயசுல நீங்க ஓட்டு போட முடியுதுன்னா, அதுவும் அவர் ஆட்சியில் வந்த மாற்றம்தான்.

1984 அக்டோபர் 31. அம்மா இந்திரா காந்தியை அவருடைய சீக்கியப் பாதுகாவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலையே, 40 வயதில், ராஜீவ் பிரதமர். அடுத்த சில நாள்களில் டெல்லியில் சீக்கியர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். தலைநகரில் மட்டும் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. போலீஸ் வேடிக்கை பார்த்தது. ராணுவம் தாமதமாக வந்தது. அம்மாவை இழந்த மகனின் துக்கம் புரியுது. ஆனா, அவர் பிரதமரும்கூட. சில வாரங்களில் நடந்த பொதுக்கூட்டத்தில், அந்தக் கொலைகளை ஏதோ இயற்கையின் அதிர்வு போல விளக்கினார். கலவர வழக்கில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018-ல்!

அடுத்தது இலங்கை. 1987 ஜூலையில் ஜெயவர்தனேயுடன் ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படையை அனுப்பினார் ராஜீவ். அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர். அக்டோபர் 21, தீபாவளி. இந்திய வீரர்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டார்கள். ஊழியர்கள் சடலங்களுக்கு நடுவே, செத்தவர்கள் மாதிரி ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தார்கள். மறுநாள் காலை, கைகளைத் தூக்கியபடி வெளியே வந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். இறந்தவர்கள் 60-க்கும் மேல். உள்ளேயிருந்து தங்கள் மேல் சுட்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. நர்ஸும் நோயாளியும் எதால் சுட்டிருப்பாங்க? 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, நம் வீரர்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். ஹூண்டாய் ஃபேக்டரியெல்லாம் வராத காலம். தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவை, புலிகளின் மனித வெடிகுண்டு கொன்றது. டியூட்டியில் இருந்த போலீஸார், கட்சிக்காரர்கள் எனப் பலரும் கூடவே இறந்தார்கள். டெல்லியிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்ததைச் சொல்லி, இதை நியாயப்படுத்தவே முடியாது. இதுவும் அதே மாதிரி கொலைதான்.

இந்த வழக்கை விசாரித்தது, ராஜீவ் ஆட்சி கொண்டுவந்த தடா சட்டத்தின் கீழ். எஸ்.பி முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகிவிடும் சட்டம் அது. 1998-ல் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா கோர்ட். அடுத்த வருஷமே, அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்த உச்ச நீதிமன்றம், இது தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றது. ஆனாலும் வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது! 19 வயதில் கைதான பேரறிவாளன், 2022-ல் விடுதலையானபோது 50 வயது. அவருடைய வாக்குமூலத்தை முழுசா பதிவு செய்யவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ அதிகாரியே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சுட்டதற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு அக்டோபர் 21-ம் தேதியும் அங்கே ஊழியர்கள், இறந்த சக ஊழியர்களின் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள்.