கழலாத பெடல்

சைக்கிள் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் குட்டு வாங்குவது எதற்காகத் தெரியுமா? இடது பெடலைக் கழற்றும்போதுதான். நாம் அன்றாடம் காணும் திருகாணிகள் இடப்பக்கம் சுழற்றினால் கழலும். வலப்பக்கம் சுழற்றினால் இறுகும். அந்தப் பழக்கத்தில் இடது பெடலுக்கும் ஸ்பானரைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்புவான். அது கழல்வதற்குப் பதிலாக மேலும் இறுகும். பலம் முழுவதையும் கொடுப்பான். ஸ்பானர் நழுவிக் கைதான் அடிபடும்.

என் தந்தையார் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலாளி. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது அவர் கைக்குத் தெரியும். ஏன் அப்படி என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். கம்பெனியில் அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள் என்றார். இக்கல்லூரியில் இயற்பியல் மாணவனாகச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். அத்தேடல் என்னை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் விட்டது. அவர்தான் ஆகாய விமானத்தைக் கண்ட ரைட் சகோதரர் இருவரில் மூத்தவரான வில்பர் ரைட்.

பிறப்பும் இளமையும்

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் கிறித்துவ சமயத் தொண்டர். பின்னாளில் பிஷப் ஆனவர். தாய் சூசன் வண்டி செய்யும் தொழிலாளியின் மகள். ஆகவே கருவிகளைக் கையாள்வதில் அவ்வீட்டில் தந்தையை விடத் தாயே வல்லவர். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். தம்பி ஆர்வில் 1871இல் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தார்.

வில்பர் படிப்பில் கெட்டிக்காரர். யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்று வீட்டார் எண்ணியிருந்தனர். விதி வேறு விதமாக இருந்தது. 1885-86 குளிர்காலத்தில் பனிமேல் ஆடும் விளையாட்டில் மட்டை ஒன்று முகத்தில் தாக்கி முன்பற்கள் போயின. உடல் தேறியும் மனம் தேறவில்லை. கல்லூரி எண்ணம் கைவிடப்பட்டது. காசநோயால் படுத்துவிட்ட தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டு, தந்தையின் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டு மூன்றாண்டுகள் வீட்டோடு இருந்தார். 1889இல் தாய் மறைந்தார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைக் கூட முறைப்படி பெறாத இந்த இளைஞர், கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததே இல்லை.

மிதிவண்டிக் கடை

முதலில் தம்பியோடு சேர்ந்து அச்சுக்கூடம் நடத்தினார். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றையும் வெளியிட்டார். அந்நாளில் அமெரிக்கா முழுவதும் மிதிவண்டி மோகம் பரவியது. சகோதரர் இருவரும் 1892 டிசம்பரில் டேட்டனில் மிதிவண்டி விற்பனை, பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினர். 1896இல் தாமே மிதிவண்டி செய்யத் தலைப்பட்டனர். வான் கிளீவ், செயின்ட் கிளேர் என்பன அவற்றின் பெயர்கள்.

பெரிய ஆலைகள் ஆயிரக்கணக்கில் வண்டிகளைக் குவித்த காலம் அது. சிறிய கடைக்காரர் அவர்களோடு விலையில் போட்டியிட முடியாது. வாடிக்கையாளர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும்போது என்ன குறை சொல்கிறார் என்று கவனிக்கலாம். அந்தக் குறையை அடுத்த வண்டியில் நீக்கலாம். ரைட் சகோதரர் இதையே செய்தனர். எண்ணெய் ஒழுகாமலும் தூசி புகாமலும் காக்கும் சக்கர ஹப் ஒன்றைச் செய்தனர். பிறகு பெடலுக்கு வந்தனர்.

ஏன் கழல்கிறது?

கிராங்கில் மரை மூலம் பொருத்தப்பட்ட பெடல் இரண்டுக்கும் வலமரையே இருந்தால், வலது பெடல் நிற்கும்; இடது பெடல் ஓட்ட ஓட்டத் தளர்ந்து கழன்றுவிடும். வேகமாகப் போகும் வண்டியில், முழுப் பாரத்தையும் காலில் ஊன்றி மிதிக்கும் நேரத்தில் பெடல் கையோடு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் காரணம் சுவையானது. கால் எப்போதும் ஏறக்குறையக் கீழ்நோக்கியே அழுத்துகிறது. ஆனால் கிராங்கு சுழல்கிறது. ஆகவே, பெடலின் அச்சு நுழைந்திருக்கும் துளையைப் பொறுத்தவரை, அழுத்தம் விழும் இடம் துளையின் உட்சுவரைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு மரைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அச்சு உட்சுவரோடு உருண்டு, அழுத்தம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் இம்மி இம்மியாகத் திரும்புகிறது.

ஐயமிருப்பின் நண்பர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேசைமேல் ஒரு வளையலை வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து, வளையலின் உள்விளிம்போடு வழுக்காமல் உருளும்படி செய்யுங்கள். நாணயம் வலஞ்சுழியாக வளையலைச் சுற்றி வரும். ஆனால் தன்னளவில் இடஞ்சுழியாகத் திரும்பும்.

வலப்பக்கத்தில் இந்தத் திருப்பம் வலமரையை இறுக்குகிறது. இடப்பக்கத்தில் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் மாறிவிடுவதால் அதே வலமரையைத் தளர்த்துகிறது. பெடலுக்குள் இருக்கும் பால்ரஸ் உராய்வுதான் காரணம் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அந்த உராய்வு இதற்கு நேர் எதிராக இழுக்கிறது. பேரிங் நல்ல நிலையில் இருந்தால் உராய்வு மிகச் சிறிது. ஆதலால் தோற்றுப் போகிறது.

நோய் தெரிந்தால் மருந்து எளிது. ஒரு பெடலுக்கு வலமரை, மற்றதற்கு இடமரை. ஓட்ட ஓட்ட இரண்டும் தாமாகவே இறுகும். ரைட் சகோதரர் 1900ஆம் ஆண்டில் தங்கள் வண்டிகளுக்குக் கழலாத பெடல் வந்துவிட்டதென அறிவித்தனர். கூடுதலாக ஓர் ஆணி கூட இல்லை. மரையின் திசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கடையிலிருந்து வானுக்கு

அதே 1900இல்தான் வில்பர் தம் முதல் பெரிய மிதவை விமானத்தோடு வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரைக்குச் சென்றார். ஜெர்மானியர் லிலியந்தால் 1896இல் பறந்து விழுந்து உயிர் நீத்த செய்தி அவர் உள்ளத்தைத் தொட்டிருந்தது. பறவை போல் சாய்ந்து திரும்பும் வித்தையை, கடையில் கிடந்த டியூப் அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கியபோது கண்டுகொண்டார். 1901இல் கண்ட தூக்குவிசை கணக்குப்படி இல்லை. பிறர் தந்த அட்டவணையை அப்படியே நம்பாமல், ஆறடி நீளக் காற்றுப் பெட்டி ஒன்றைச் செய்து ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சகோதரர் சோதித்தனர். அளக்கும் கருவிக்கு இரும்பறுக்கும் வாளின் பழைய அலகும் சைக்கிள் சக்கரக் கம்பியுமே பயன்பட்டன.

1903இல் இயந்திரம் பூட்டிய விமானம் உருவாயிற்று. கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் விசை சென்றது செயின் வழியாகத்தான். ஒரே திசையில் இரண்டும் சுழன்றால் விமானம் ஒருபக்கம் முறுக்கப்படும். ஆகவே ஒரு செயினைக் குறுக்காகப் பின்னி, விசிறிகளை எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட்டனர்.

பழைய பகை இங்கும் வந்தது. அந்த நவம்பரில் சோதித்தபோது, இயந்திரத்தின் உதறலில் விசிறித் தண்டுகளின் பல்சக்கரங்கள் திரும்பத் திரும்பத் தளர்ந்தன. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை. முடிவில் மிதிவண்டி டயரை ரிம்மோடு ஒட்டும் பசையை மரையில் உருக்கி ஊற்றி இறுக்கினர். பிறகு அவை அசையவில்லை.

1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காவது பறப்பில் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி பறந்தார். விமானம் தண்டவாளத்தில் ஓடிக் கிளம்ப உதவிய சிறு தள்ளுவண்டியின் உருளைகளும் மிதிவண்டி ஹப்புகளே. அத்தனைக்கும் ஆன செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதுவும் மிதிவண்டிக் கடையின் வருமானம்.

இறுதி நாட்கள்

1908 ஆகஸ்டில் பிரான்சு நாட்டு லெமான்ஸ் நகரருகே வில்பர் பறந்து காட்டியபோது ஐரோப்பா வியந்து போற்றியது. அதன்பின் காப்புரிமை வழக்குகள் அவரை வாட்டின. பட்டறையில் செலவாக வேண்டிய நாட்கள் நீதிமன்றங்களில் கரைந்தன. 1912 மே 30ஆம் நாள் டைபாய்டு சுரத்தால் தம் 45ஆவது வயதில் வில்பர் காலமானார். மணம் புரிந்துகொள்ளவில்லை. தம்பி ஆர்வில் 1948 வரை வாழ்ந்தார்.

நமக்குள்ள பாடம்

வில்பரின் பெருமை விமானத்தில் மட்டும் இல்லை. கழன்று விழுந்த ஒரு பெடலை இன்னும் ஒரு தடவை முறுக்கி அனுப்பாமல், ஏன் கழன்றது என்று நின்று கேட்டாரே, அதில் இருக்கிறது. முறுக்கி அனுப்புவது பிழைப்பு. ஏனென்று கேட்பது அறிவியல். அதற்குக் கல்லூரி கட்டாயமில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. கல்லூரிக்கு வந்துவிட்டதனாலேயே அந்தக் குணம் வந்துவிடாது என்பதை நாம் மறக்கலாகாது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அம்மாவின் வளையலையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்து அப்பாவுக்கு அந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாணயத்தை வாங்கித் தாமே இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார். பிறகு கடையில் நின்றிருந்த வண்டியின் இடது பெடலைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் அவர் கையில் இருந்த அறிவுக்கு ஒரு காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் கல்லூரி எனக்கு இதுவரை தந்த பரிசுகளில் பெரியது அதுவே.