பனிகண்டு மழையுரைத்த பிளான்போர்டு

மழை பெய்யும் இடம் ஒன்று. அம்மழையை ஆளும் காரணம் இருக்கும் இடம் மற்றொன்று. கல்வராயன் மலைச் சரிவுகளில் சாமையும் தினையும் பயிரிடும் மலையாளி மக்களும், அம்மலையின் அடிவாரத்தே கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைக்கும் உழவரும் ஆடி மாதத்தில் மேற்கு வானை நோக்கி நிற்கின்றனர். அவர்கள் எதிர்நோக்கும் முகில்களின் போக்கு இமயத்தின் பனியோடும், வடதுருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டியோடும் தொடர்புடையதாகலாம் என்று கூறின், முதன்முறை கேட்போர் நகைத்தல் கூடும். ஆயினும் இன்று வானிற் சுழலும் செயற்கைக்கோள்களைக் கொண்டு அறிஞர் ஆராய்ந்து வரும் பொருள் இதுவே. இவ்வாராய்ச்சிக்கு நம் நாட்டில் வித்திட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர். அவர் நம் தென் ஆற்காட்டு நிலத்தைக் காலால் நடந்து ஆராய்ந்தவராதலின், நமக்கு முற்றும் அயலாரும் அல்லர். அவர்தம் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பிளான்போர்டு 1834-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவருக்கு இரண்டாண்டு மூத்தவர் வில்லியம் தாமஸ் என்னும் தமையனார். உடன்பிறந்தார் இருவரும் இலண்டனிலுள்ள அரசினர் சுரங்கக் கல்லூரியில் ஒருங்கே பயின்றனர். அப்பால் ஜெர்மானிய நாட்டில் சாக்சனியைச் சார்ந்த பிரைபெர்க் நகரத்துச் சுரங்கக் கல்விக் கழகத்திலும் பயின்று தேர்ந்தனர். 1855-ஆம் ஆண்டில் இருவரும் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையில் அலுவல் ஏற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அப்பொழுது இளையவருக்கு வயது இருபத்தொன்று. அத்துறையின் தலைவராயிருந்தவர் தாமஸ் ஓல்டாம் என்பார்.

அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரிசாவிலுள்ள தால்சேர் என்னுமிடத்து நிலக்கரி வயலை ஆராய்வது. ஆங்கு 1856-ஆம் ஆண்டளவில் அவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். மென்மையான களிமண் படிவின் நடுவே பெரும் பாறைத் துண்டுகள் பல சிதறிக் கிடந்தன. ஓடும் நீர் பெருங்கற்களை ஓரிடத்தும் நுண்ணிய மண்ணை வேறிடத்துமாகப் பிரித்துப் படிய வைக்கும் இயல்பினது. இரண்டையும் ஒருங்கே சுமந்துவந்து ஒரே இடத்தில் விடுவது பனிக்கட்டியின் செயல். ஆகவே, வெயில் கொளுத்தும் அந்நிலத்தில் முன்னொரு காலத்தே பனிக்கட்டி இருந்திருத்தல் வேண்டும் என்று சகோதரர் இருவரும் தம் தோழர் தியோபால்டும் துணிந்து கூறினர். அக்காலத்தில் பலர் இதனை ஐயுற்றனர். பிற்காலத்தார் பாறைகளின்மேற் பனியாறு கீறிச் சென்ற வரிகளையும் கண்டு அவர் கூற்று மெய்யென நிறுவினர். ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகட்கு முன் இந்திய நிலம் தென்துருவத்தை அடுத்துக் கிடந்ததென்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. வெப்ப நாட்டிற்குப் பணிசெய்ய வந்த இளைஞருக்கு முதலில் எதிர்ப்பட்டது பனியின் சுவடே என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும்.

அதன்பின் பிளான்போர்டு சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். நீலகிரியை ஆராய்ந்து நூல் எழுதினார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி, தென் ஆற்காடு ஜில்லாக்களில் சுண்ணக்கற் படிவுகளை ஊர் ஊராகச் சென்று நோக்கினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று வகையாக அப்படிவுகளை அவர் பகுத்துப் பெயரிட்டார். அப்பெயர்கள் சிறு மாறுதலோடு இன்றும் வழங்குகின்றன. பலகோடி ஆண்டுகட்கு முன் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பதற்கு அங்குக் கிடைக்கும் நத்தை வடிவக் கல்லுருக்களே சான்று. விருத்தாசலத்தை அடுத்தும் இத்தகைய படிவுகள் உள்ளன. கல்வராயன் மலையிற் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாற்றோடு கூடி வெள்ளாற்றிற் கலக்கும் நாடு அது. அக்காலத்தில் தென் ஆற்காட்டில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. பிளான்போர்டின் ஆராய்ச்சி 1862-இல் வெளிவந்தது. கல்வராயன், பச்சைமலை முதலிய மலைகளின் பழம்பாறைகளை அவர்தம் துறைத் தோழர்களான கிங், புரூஸ் ஃபூட் இருவரும் ஆராய்ந்து 1864-இல் எழுதினர்.

வெயிலிலும் காட்டிலும் அலைந்ததால் பிளான்போர்டின் உடல்நலம் குன்றியது. 1862-இல் அத்துறையை விட்டு நீங்கிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பத்தாண்டுகள் அங்கே கற்பித்தார். இந்திய மாணவர் பொருட்டுப் பூகோள நூலொன்றும் எழுதினார். பாறையை ஆராய்ந்தவரை வானை நோக்கத் திருப்பியது ஒரு பேரிடர். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் ஹூக்ளி ஆற்றின் வழியே கடல் பொங்கிவந்து பல்லாயிரம் மக்களை வாரிச் சென்றது. கர்னல் காஸ்ட்ரெல் என்பாரும் பிளான்போர்டும் கூடி அப்புயலின் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதினர். அடுத்து மழை பொய்த்தமையால் 1866-இல் ஒரிசாவிற் கொடிய பஞ்சம் தோன்றியது. நீர் மிக்கும் மக்கள் இறந்தனர்; நீர் இன்றியும் இறந்தனர். வானத்தின் போக்கை முன்கூட்டி அறியும் நெறி இல்லையெனில் இந்நாட்டார்க்கு உய்வில்லை என்பது தெளிவாயிற்று. 1867-இல் வங்காள அரசாங்கம் பிளான்போர்டை வானிலைச் செய்தியாளராக அமர்த்தியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபொழுது அதன் முதல் தலைவராயினார்.

அதுவரை மாகாணந்தோறும் வெவ்வேறு கருவியும், வெவ்வேறு நேரமும், வெவ்வேறு கணக்குமாக வழங்கி வந்தன. ஓரிடத்து வெப்பமானி நிழலிலும், மற்றோரிடத்தது வெயில்படும் சுவரிலும் தொங்குமாயின் அவ்விரண்டின் கணக்கையும் ஒப்பிட்டு என்ன பயன்? எனவே கருவிகளை ஒருநிகர்ப்படுத்துதலையும் நோக்குவோரைப் பயிற்றுதலையுமே பிளான்போர்டு தம் முதற்கடமையாகக் கொண்டார். இவை பிறர் கண்ணிற் படாத பணிகள். ஆயினும் இவையின்றிப் பின்வந்த எதுவும் இல்லை. அவர்கீழ் 1885-இல் அலுவல் ஏற்ற பஞ்சாபியரான ருசிராம் சாஹ்னி, வானிலைத் துறையில் உயர்பதவி பெற்ற முதல் இந்தியருள் ஒருவர். தால்சேர்ப் படிவுகளை உள்ளிட்ட கோண்டுவானப் பாறைகளின் செடியுருக்களை ஆராய்ந்து பிற்காலத்திற் புகழ்பெற்ற பீர்பால் சாஹ்னி அவருடைய மைந்தரே.

துறை தோன்றிய மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பற்றிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்திற்குக் குறையாது என்பர். வருகின்ற மழை மிகுமா, குறையுமா என்று முன்னரே சொல்லல் இயலுமா என அரசாங்கம் பிளான்போர்டைக் கேட்டது. அவர் விரைந்து விடை கூறினாரல்லர். ஆண்டுதோறும் வந்த கணக்குகளை அடுக்கி ஒப்புநோக்கினார். இமயமலையில், சிறப்பாக அதன் வடமேற்குப் பகுதியில், பனி மிகுந்து வேனிற்காலத்தும் நீங்காது கிடந்த ஆண்டுகளில், அப்பனியால் குளிர்ந்த வறண்ட வடமேற்குக் காற்று சமவெளியிற் பரவி, தென்மேற்குப் பருவக்காற்றின் வரவைத் தடுத்து மழையைக் குறைக்கின்றதென அவருக்குப் புலனாயிற்று. இக்கருத்தை 1884-இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். 1882 முதல் சோதனையாகச் சில கணிப்புகளைச் செய்து பார்த்தபின், 1886-இல் பருவமழை பற்றிய முன்னறிவிப்பை முறைப்படி வெளியிட்டார். ஒரு நாட்டின் பருவமழையைப் பருவம் தொடங்குமுன் கணித்துரைத்த அரசாங்க அறிவிப்புகளுள் இதுவே முன்னோடி என்னலாம். 1880-இல் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்திருந்தது. 1889-இல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் வானிலையைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டு, அவ்வாண்டே ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்றார். போக்ஸ்டன் என்னும் கடற்கரை நகரில் 1893-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் காலமானார்.

அவர் கண்ட நெறி என்றும் பிழைபடாதது என்று யாம் கூறவில்லை. அவருக்குப் பின்வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை பெய்யுமென அறிவித்தார்; அவ்வாண்டிலோ கொடும் வறட்சி வந்தது. அடுத்து வந்த கில்பர்ட் வாக்கர் பனியொன்றனையே நம்பாமல், உலகின் பல பகுதிகளிலும் காற்றழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் கூட்டிப் பார்த்தார். ஒரு காரணத்தைக் கண்டதனால் எல்லாக் காரணங்களையும் கண்டோம் என்று செருக்கலாகாது என்பதை இது காட்டுகின்றது. எனினும் பிளான்போர்டின் கருத்து மடிந்துபோகவில்லை. செயற்கைக்கோள்கள் வானேறிய பின்னர், 1976-இல் ஹான், ஜகதீஷ் சுக்லா என்னும் இருவர், ஐரோப்பா ஆசியா நிலப்பரப்பை மூடிய பனியின் அளவைச் செயற்கைக்கோட் படங்களால் அறிந்து, அது மிகுந்தபொழுது இந்திய மழை குறையும் போக்கு உண்டெனக் கண்டனர். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகட்குப் பின் அவர் வினா மீண்டும் உயிர்பெற்றது.

நிலத்திற் பெய்த பனி வேறு. கடல்நீரே உறைந்து மிதக்கும் கடற்பனிக்கட்டி வேறு. பின்னதை மனிதர் சென்று முற்றும் அளத்தல் அரிது. துருவத்தில் ஆறு திங்கள் இருள். எஞ்சிய நாளில் முகில் மூட்டம். ஆதலால் ஒளிப்படம் போதாது. எப்பொருளும் தன் இயல்புக்கேற்ப நுண்ணலைகளை வெளிவிடும். சில அலைநீளங்களில் பனிக்கட்டி மிகுதியாகவும், திறந்த கடல்நீர் குறைவாகவும் வெளிவிடுதலின், வானிலுள்ள கருவிக்குப் பனி ஒளிர்ந்தும் நீர் மங்கியும் தோன்றும். நுண்ணலை இருளையும் முகிலையும் பொருட்படுத்தாது கடந்துவரும். 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 தொடங்கி இக்கணக்கு இடையறாது எழுதப்பட்டு வருகின்றது. கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் பனி மூடிய கட்டங்களைக் கூட்டிப் பனியின் பரப்பு ஈதென்பர். நம் நாட்டின் ஓஷன்சாட்-2 2009-இலும், சரல் 2013-இலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. முன்னதிலிருந்த கருவி அலைகளைத் தானே அனுப்பி, அவை சிதறி மீளும் வலிமையால் பனியையும் நீரையும் பிரித்தறியப் பயன்பட்டது.

அக்கணக்கு கூறுவது யாது? 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடதுருவக் கடலில் செப்டம்பர் மாதத்து எஞ்சிய பனிப்பரப்பு எழுபது லட்சம் சதுர கிலோமீட்டரளவு இருந்தது. 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ முப்பத்துநான்கு லட்சமாகச் சுருங்கியது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கருங்கடல் அதனை விழுங்கும். ஆகவே பனி குறையக் குறைய வெப்பம் மிகும்; வெப்பம் மிக மிகப் பனி குறையும். கோவாவிலுள்ள தேசியத் துருவ ஆராய்ச்சி மையத்து அறிஞர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ருஷிய நாட்டை அடுத்த காரா கடலில் கோடைப்பனி குறைந்த ஆண்டுகளில், பருவமழையின் இறுதியில் நடு இந்தியாவில் பெருமழை மிகும் போக்குத் தோன்றுகிறதெனக் கூறினர். பனி மிகின் மழை குறையும் என்று அஞ்சிய பிளான்போர்டின் காலம் போய், பனி குறையின் மழை கட்டுக்கடங்காது கொட்டுமோ என்று ஆராயும் காலம் வந்துளது. இது முடிந்த முடிபன்று; இன்னும் பல ஆண்டுக் கணக்கு வேண்டும்.

மழையின் நாளும் அளவும் மாறுமாயின் முதலில் இடர்ப்படுபவர் ஏரிப் பாசனத்தையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழும் எளியோரே. கல்வராயன் மலையில் விதை விதைப்பவர் காரா கடலின் பெயரைக் கேட்டிலர். ஆயினும் அக்கடலின் செய்தி அவர்தம் விதையைத் தொடுமா என்பதை அறிந்து கூறுதல் கற்றோர் கடன். அக்கடனை ஆற்றுதற்கு வேண்டுவது பெருங்கருவி மட்டும் அன்று. அவசரப்படாது ஆண்டாண்டாகக் கணக்கெழுதும் பொறுமையும், தன் கருத்தைப் பின்வரும் கணக்கு மறுக்குமாயின் அதனை ஏற்கும் நேர்மையும் வேண்டும். நம் கல்லூரியிற் பௌதிகமும் கணிதமும் பூகோளமும் பயிலும் இளைஞருள் சிலரேனும் பிளான்போர்டு தொடங்கிய கணக்கேட்டின் அடுத்த பக்கத்தை எழுத முன்வருவாராக என விரும்புகின்றோம்.