பில் ஸ்டூவர்ட் பெற்ற சன்மானம்

வேலைக்கு அமர்த்துகிறவருக்கு வேலையிலிருந்து நீக்கவும் உரிமை உண்டு. சட்டம் இதனை ஒப்புக்கொள்கிறது, நாமும் மறுக்கவில்லை. ஆயினும், உரிமை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அதன் பிரயோகம் நியாயமாகிவிடாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்து மறைந்த பில் ஸ்டூவர்ட்டின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஸ்டூவர்ட் 1894-ம் வருஷம் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஃபிட்ச்பர்க் என்ற ஊரில் பிறந்தார். இளமையில் பேஸ்பால் ஆடினார். பின்னர் அவ்வாட்டத்திலும், பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்படும் ஹாக்கியிலும் மத்தியஸ்தரானார். குளிர்காலத்தில் ஹாக்கி, கோடையில் பேஸ்பால் என்று வருஷம் முழுவதும் தீர்ப்புக் கூறுவதே அவர் தொழில். இரு கட்சியாரும் ஏசும் தொழில் அது. அதில் நெடுங்காலம் நிலைத்தவர் நெஞ்சுரம் படைத்தவராகவே இருக்க வேண்டும்.

அவ்வுரத்திற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1933-ம் வருஷம் மார்ச் மாதம் பாஸ்டன் நகரில் நடந்த பந்தயத்தில், சிகாகோ பிளாக் ஹாக்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் டாமி கார்மன், தீர்ப்பு ஒன்றைப் பொறாமல் ஸ்டூவர்ட் மீது கைவைத்தார். ஸ்டூவர்ட் அவரை வெளியேற்றினார். கோஷ்டியார் தொடர்ந்து ஆட மறுக்கவே, பந்தயத்தைப் பாஸ்டனுக்கே உரியதாக்கினார்.

அதே சிகாகோ கோஷ்டி 1937-ல் அவரையே பயிற்சியாளராக அமர்த்தியது விந்தையே. கோஷ்டியின் சொந்தக்காரர் பிரெடரிக் மக்லாக்லின் காப்பி வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். முதல் மகா யுத்தத்தில் படை அதிகாரியாக இருந்தவர். அக்காலத்தில் லீக் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களைக் கொண்டே வெல்ல வேண்டும் என்பது மக்லாக்லினின் ஆசை. தன் நாட்டு அரங்கில் தன் நாட்டு இளைஞர் விளங்க வேண்டுமென விரும்புவதை நாம் குறைகூற மாட்டோம். அவரிடம் இருந்த குறை வேறு, அது பொறுமையின்மை. 1926-ல் கோஷ்டி தோன்றியது முதல் 1944-ல் அவர் இறக்கும் வரையில் பத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வந்து போயினர். 1931-ல் இறுதிப் போட்டி வரை கோஷ்டியை நடத்திச் சென்ற டிக் இர்வினுக்கும் சீட்டுக் கிழிந்தது. டொராண்டோ கோஷ்டி அவரை ஏற்றுக்கொண்டு, 1932-ல் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

இத்தகைய எஜமானரிடம் ஸ்டூவர்ட் சேர்ந்தார். 1937-38 பருவத்தின் 48 பந்தயங்களில் சிகாகோ வென்றவை 14, தோற்றவை 25, சமநிலையில் முடிந்தவை 9. டெட்ராய்ட் கோஷ்டியை இரண்டே புள்ளிகளில் முந்தித்தான் அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே மாண்ட்ரீல் கோஷ்டியையும், நியூயார்க் அமெரிக்கன்ஸ் கோஷ்டியையும் வென்று, இறுதியில் டொராண்டோவை எதிர்கொண்டது.

அச்சமயம் கோல்கீப்பர் மைக் கராகஸின் கால்விரல் முறிந்தது. வேறொரு கோஷ்டியின் கோல்கீப்பரை இரவல் கொள்ள டொராண்டோ இணங்கவில்லை. சச்சரவு கைகலப்பு வரை சென்றது. ஆல்பி மூர் என்ற, சிறிய லீக்கில் ஆடிவந்த ஒருவரை அழைத்து நிறுத்தினார் ஸ்டூவர்ட். முதல் பந்தயம் 3-1 என்று ஜயம். லீக் தலைவர் மூரைத் தொடர்ந்து ஆட அனுமதிக்கவில்லை; இரண்டாவது 5-1 என்று தோல்வி. கராகஸ் எஃகுக் காப்பிட்ட பூட்ஸுடன் திரும்பினார். அடுத்த இரண்டும் 2-1, 4-1 என்று ஜயம். 1938 ஏப்ரல் 12-ல் கோப்பை சிகாகோவுக்குக் கிடைத்தது. ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். பயிற்சியாளரும் அவ்வாறே, அத்தகையவர் எவரும் அதன்பின் 1991 வரையிலும் கோப்பை பெறவில்லை. எஜமானரின் ஆசை முற்றும் நிறைவேறிற்று.

இதற்குக் கிடைத்த சன்மானம் யாது? அடுத்த பருவத்தில் 21 பந்தயங்கள் நடந்திருந்தன: ஜயம் 8, தோல்வி 10, சமநிலை 3. முந்திய வருஷத்தைவிட நல்ல கணக்கே. இருந்தும் பருவத்தின் நடுவிலேயே ஸ்டூவர்ட் நீக்கப்பட்டார். ஆட்டக்காரர் பால் தாம்ஸன் அப்பொறுப்பை ஏற்றார். எஞ்சிய 27 பந்தயங்களில் ஜயம் 4, தோல்வி 18, சமநிலை 5. லீக்கில் இருந்த ஏழு கோஷ்டிகளில் ஆறு அடுத்த சுற்றுக்குச் சென்றன. கோப்பையை வைத்திருந்த சிகாகோவோ கடைசியாக நின்று வெளியேறியது. அக்கோஷ்டி மறுபடி கோப்பையைக் கண்டது 1961-ல்தான்.

ஸ்டூவர்ட் நீடித்திருந்தால் இரண்டாம் கோப்பையும் வந்திருக்கும் என்று நாம் வாதிக்கவில்லை. தாம்ஸன்மீது பழி சுமத்தவும் இல்லை. நடு ஆற்றில் துடுப்பு மாறினால் புதிதாகத் துடுப்புப் பிடித்தவன் என் செய்வான்? நாம் கேட்பது இதுவே: முந்திய வருஷம் 25 தோல்விகளைப் பொறுத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டவர், இவ்வருஷம் பத்துத் தோல்விகளைப் பொறுக்கலாகாதா? வெற்றி வந்தால் அது எஜமானரின் யோசனை, தோல்வி வந்தால் அது ஊழியனின் குற்றம் என்று பங்கிடுவது எந்த நீதி?

நீக்கப்பட்டவர் குன்றிவிடவில்லை. மீண்டும் ஹாக்கி மத்தியஸ்தரானார். பேஸ்பாலில் 1954 வரை தேசிய லீக்கின் மத்தியஸ்தராக விளங்கினார். உலகத் தொடர் பந்தயங்களுக்கு நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964-ல் காலமானார். 1982-ல் அமெரிக்க ஹாக்கிப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பிறரைத் தலைமைக்கு அமர்த்தும் பொறுப்புடையோர், அது கோஷ்டியாயினும் சங்கமாயினும், இச்சரித்திரத்தைச் சற்றே சிந்திப்பார்களாக. ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால், அப்பொறுப்பை நிறைவேற்றுவதற்கான காலத்தையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். காலத்தைப் பறித்துக்கொண்டு பலனைக் கேட்பது, விதைத்த மறுநாளே வயலை உழுதுவிட்டு விளைச்சல் எங்கே என்று கேட்பதற்கு ஒப்பாகும்.