சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், 1797ஆம் ஆண்டையொட்டி, அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர் இசபெல்லா. ஒன்பது வயதளவில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டார். 1826இல் கைக்குழந்தையுடன் அடிமை வீட்டை விட்டு வெளியேறினார். சட்டத்துக்கு மாறாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீட்டரை, எழுத்தறியாத அத்தாய் வழக்குத் தொடுத்து 1828இல் மீட்டார்.

1843இல் சோஜர்னர் ட்ரூத் எனப் பெயர் பூண்டு, ஊர்தோறும் சென்று அடிமை ஒழிப்பை முழங்கினார். 1851இல் ஏக்ரன் நகர மகளிர் மாநாட்டில், ஆணுக்கு நிகராக வயலில் உழைத்தவளுக்கு உரிமையும் நிகரே என வாதிட்டார்.

1870இல் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை கிடைத்தது, பெண்டிர்க்கோ கிடைக்கவில்லை. இன விடுதலை பேசியோரில் பலர் பெண்ணை மறந்தனர். பெண்ணுரிமை பேசியோரில் பலர் கறுப்பினப் பெண்ணை மறந்தனர். அம்மையார் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1872இல் பேட்டில் கிரீக் நகரில் வாக்களிக்கச் சென்று திருப்பியனுப்பப்பட்டார். 1883 நவம்பர் 26இல் அங்கேயே மறைந்தார். பெண்களின் வாக்குரிமை 1920இல் சட்டமாயிற்று. தென்மாநிலக் கறுப்பினப் பெண்டிர் பலருக்கு அது 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே கைகூடியது.

சமுதாய விடுதலை பேசும் இளைஞர்களே! நம் கூட்டங்களில் தமக்கை தங்கையர்க்கு இடம் எங்கே? அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டு நாம் பெறுவது பாதி விடுதலையே.