தாது வருடமும் மாயூரம் வேதநாயகரும்

நம் சங்ககிரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டு சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 1881இல் அத்தொகை சுமார் 16 இலட்சமாகக் குறைந்தது. இடையே வந்தது தாது வருடப் பஞ்சம். கணக்கேடு தொகையைச் சொல்லும், பசியைச் சொல்லாது. அதனைச் சொல்லும் கடன் புலவனுடையது. அக்கடனைப் பாட்டாலும் கொடையாலும் தீர்த்தவர் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்த இவர், 1857இல் முனிசீப்பானார். மாயூரத்தில் நெடுங்காலம் நீதி வழங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பஞ்சம் சோழவள நாட்டையும் வாட்டியபோது, தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோரைக் காத்தார். பஞ்சம் தீர்க்குமாறு இறைவனை வேண்டிக் கீர்த்தனைகளும் இயற்றினார்.

அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பாடியவர் நந்தனார் சரித்திரம் தந்த சைவர், பாடப்பெற்றவரோ கிறித்தவர். பசியின் முன் சமய வேலி நிற்கவில்லை.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழின் முதல் நாவலாசிரியர் எனப் புகழ் பெற்றார். 1889இல் மறைந்தார்.

நாவலை நாடு மறக்கவில்லை. கொடையைப் பாட்டு மறக்கவிடவில்லை. ஆயின் நம் மண்ணில் பசியால் மாண்ட எளியோரை யார் பாடுவது? பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள்முன் அவ்வினா நிற்கின்றது.