முதல் ரெசிடென்டும் மலாக்காத் துணைவியும்

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில், 2018ஆம் ஆண்டு செட்டி மலாக்கா சமூகத்தைப் பற்றிய கண்காட்சி ஒன்று நடந்தது. வாணிபத்திற்காக மலாக்கா சென்ற தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. அதே மலாக்காவில் தோன்றி, சிங்கப்பூரின் தொடக்க வரலாற்றோடு கலந்துவிட்ட மற்றொரு கலப்புக் குடும்பமும் உண்டு. அதன் தலைவர்தான் சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்க்குவார்.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஃபார்க்குவார், 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னைக்கு வந்தார். சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய படையோடு அவரும் சென்றார். 1803இல் அந்நகரின் நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1818இல் மலாக்கா மீண்டும் டச்சுக்காரர் கைக்குச் செல்லும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

மலாக்காவில் அவருக்குத் துணைவியாக அமைந்தவர் நோனியோ கிளெமென்ட். இவருடைய தந்தை ஒரு பிரெஞ்சு அதிகாரி. தாய் மலாய்ப் பெண். தந்தையின் அடையாளமாக மகளிடம் நின்றது கிளெமென்ட் என்ற குடும்பப் பெயர். ஃபார்க்குவாருக்கும் நோனியோவுக்கும் ஆறு பிள்ளைகள். மூத்த மகள் எஸ்தரை மணந்தவர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்ட்.

1819 பிப்ரவரி 6ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ராஃபிள்ஸ் புறப்பட்டுவிட்டார். புதிய குடியேற்றத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பு ஃபார்க்குவாரின் தோளில் விழுந்தது. பணமோ ஆளோ போதவில்லை. மலாக்காவில் அவருக்கிருந்த நற்பெயர்தான் கைகொடுத்தது. அவர் செய்தி அனுப்பியதும், டச்சுக்காரர்களின் தடையையும் மீறி உணவுப் பொருள்களும் குடியேறிகளும் வந்து சேர்ந்தனர். 1820இல் காவல் பணியை மருமகன் பெர்னார்டிடம் ஒப்படைத்தார். சிங்கப்பூரின் முதல் செய்தித்தாளான ‘சிங்கப்பூர் கிரானிக்கிள்’ 1824இல் வெளிவந்தது. அதைத் தொடங்கியவரும் அதே பெர்னார்ட்தான்.

நிர்வாகச் செலவுக்காக அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமங்களை ஃபார்க்குவார் ஏலம் விட்டார். இதை ராஃபிள்ஸ் ஏற்கவில்லை. ஒருவர் சட்டத்தை வலியுறுத்தினார். மற்றவர் அன்றாடத் தேவையைப் பார்த்தார். 1823 மார்ச் மாதம் ஃபார்க்குவார் கத்தியால் குத்தப்பட்டு உயிர் தப்பினார். மே மாதம் பதவி பறிக்கப்பட்டது. ஆண்டின் இறுதியில் அவர் கப்பலேறியபோது மக்கள் திரண்டு வந்து வழியனுப்பினர்.

தாயகம் திரும்பியவர் 1828இல் மார்கரெட் லோபன் என்பவரை மணந்தார். 1839இல் பெர்த் நகரில் மறைந்தார். சிங்கப்பூரை நிறுவியவர் என்ற பெருமையை அவருடைய கல்லறை அவருக்கே தருகிறது. மலாக்காவில் தம் ஓவியர்களைக் கொண்டு அவர் வரைவித்த 477 இயற்கை ஓவியங்கள் இன்று நம் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. ஆனால் நோனியோ?

அவருடைய வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவினர். 2015 முதல் 2025 வரை கனடாவின் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோவும் அவர்களுள் ஒருவர். ட்ரூடோவின் தாய்வழிப் பாட்டி, எஸ்தரின் வழியில் வந்த பெர்னார்ட் குடும்பத்துப் பெண். அந்தக் கனடியப் பிரதமரின் மூதாதையரில் ஒரு மலாய்ப் பெண்ணும் உண்டு என்பதை ஆராய்ந்தவர்கள், தந்தையர் பட்டியலோடு நிற்காமல் தாய்மாரின் வழியையும் பின்தொடர்ந்ததால்தான் கண்டறிந்தனர்.

நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையுடையது. தாத்தாவின் ஊரையும், அவர் எந்த ஆண்டில் கப்பலேறினார் என்பதையும் நம்மில் பலர் சொல்லிவிடுவோம். பாட்டியின் தாயார் பெயர் என்ன என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.