வில்ஹெல்ம் மைபாக்கும் இரட்டைக் கார்புரேட்டரும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதுவோர் பென்ஸ், டைம்லர் என்னும் இருவரையும் முதற்கண் கூறுவர். மைபாக் என்பாரைப் பின்னரே கூறுவர். சிலர் கூறாமலும் விடுவர். பெட்ரோலால் ஓடும் யந்திரம் ஒழுங்காக மூச்சு விடுவதற்குரிய முறையைக் கண்டவர் இவர். ஆயினும் இவர் அமைத்த வண்டிகளுள் மிகுந்த புகழ் பெற்றது தாங்கி நின்றது ஒரு வியாபாரியின் சிறு மகளுடைய பெயரையே. இவரது வாழ்க்கையையும், இவர் கையாண்ட இரட்டைக் கார்புரேட்டர் என்னும் அமைப்பைப் பழைய கார்களில் இன்றும் எவ்வாறு செப்பனிடுகின்றனர் என்பதையும் ஒருங்கே கூறுவது நம் மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி எழுதத் துணிந்தோம்.

வில்ஹெல்ம் மைபாக் ஜெர்மனி தேசத்தில் ஹைல்ப்ரான் என்னும் ஊரில் 1846-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். உடன் பிறந்த சகோதரர் நால்வர். பத்து வயது நிரம்புமுன் தாயை இழந்தார். 1856-ல் தந்தையும் இறந்தார். திக்கற்ற அச்சிறுவனை ராய்ட்லிங்கன் நகரில் குஸ்தாவ் வெர்னர் என்னும் போதகர் நடத்தி வந்த சகோதரர் இல்லம் ஏற்றுக்கொண்டது. அவ்வில்லத்தில் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்ததோடு நில்லாமல், தொழிற்சாலை வைத்துக் கைத்தொழிலும் கற்பித்தனர். மைபாக்கின் கை வரைபடத்தில் வல்லது என்பதை அங்குள்ளோர் விரைவில் கண்டுகொண்டனர். பதினைந்தாம் வயதில் அவர் யந்திர வரைபடம் எழுதும் தொழிலிற் பயிலத் தொடங்கினார்.

அத்தொழிற்சாலையை மேற்பார்வை செய்ய வந்தவர் காட்லீப் டைம்லர். 1865-ல் இருவரும் அறிமுகமானபோது மைபாக்குக்கு வயது பத்தொன்பது. டைம்லரோ முப்பது வயதைக் கடந்தவர். அன்று முதல் டைம்லர் எந்த உத்தியோகத்திற்குச் சென்றாலும் மைபாக்கைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். 1869-ல் கார்ல்ஸ்ரூ நகருக்கும், 1872-ல் ஆட்டோ என்பாரின் வாயு யந்திரங்களைச் செய்து வந்த டாய்ட்ஸ் கம்பெனிக்கும் இருவரும் சென்றனர். பின்னர் அக்கம்பெனியாருடன் கருத்து வேற்றுமை உண்டாகவே, 1882-ல் அதனை விட்டு நீங்கி, கான்ஸ்டாட் என்னும் ஊரில் டைம்லரின் தோட்டத்திலிருந்த கண்ணாடிச் செடிவீட்டைத் தொழிற்கூடமாக்கிக்கொண்டனர். இரவும் பகலும் அங்கே இரும்போசை கேட்டதனால், கள்ள நாணயம் அடிக்கின்றனரோ என்று தோட்டக்காரனுக்கு ஐயம் தோன்றி, அவன் போலீஸாருக்கு அறிவித்தான் என்றும், அவர்கள் வந்து பார்த்து யந்திரங்களையன்றி வேறொன்றும் காணாமல் திரும்பினர் என்றும் கூறுவர்.

அக்காலத்து வாயு யந்திரங்கள் நிமிஷத்திற்கு ஏறக்குறைய இருநூறு சுற்றுக்குமேல் சுற்ற மாட்டா. அவற்றை ஓரிடத்தில் நாட்டி வைப்பதன்றி வண்டியில் ஏற்ற இயலாது. இவ்விருவரும் செய்த சிறு யந்திரமோ அறுநூறு சுற்றுச் சுற்றியது. அதனை மரத்தாலான இருசக்கர வண்டியொன்றில் வைத்து, 1885 நவம்பரில் நெக்கர் நதியோரமாக மூன்று கிலோமீட்டர் தூரம் ஓட்டினர்.

இனி மைபாக்கின் தலையாய பணிக்கு வருவோம். பெட்ரோல் நீர்வடிவமாக இருக்குமளவும் யந்திரத்திற்குப் பயன்படாது. அது காற்றோடு கலந்து, எடையளவில் காற்றுப் பதினைந்து பங்கும் பெட்ரோல் ஒரு பங்குமாக அமைந்தால்தான் செவ்வையாக எரியும். கலப்பதற்கு முதலிற் கையாண்ட முறை, பெட்ரோல் நிறைந்த பாத்திரத்தின் வழியே காற்றைச் செலுத்தி ஆவியை ஏற்றிக்கொள்ளச் செய்வதாம். வெயில் ஏறினால் ஆவி மிகும், குளிர்ந்தால் குறையும், வண்டி குலுங்கினால் அளவே கெடும். 1893-ல் மைபாக் வேறொரு வழி கண்டார். சிறு அறையொன்றில் மிதவை ஒன்றை இட்டு, பெட்ரோல் குறித்த மட்டத்திற்கு ஏறியதும் அம்மிதவை ஊசி வால்வை மூடும்படி செய்தார். அம்மட்டத்திற்குச் சற்றே மேலாக நுண்துளைக் குழாய் ஒன்றை நிறுத்தினார். யந்திரம் காற்றை உறிஞ்சும்போது அத்துளையின் வாயிலிருந்து பெட்ரோல் பனித்துளிபோற் சிதறிக் காற்றோடு கலந்தது. உறிஞ்சும் வேகம் மிகுந்தால் பெட்ரோலும் மிகும், தணிந்தால் தணியும். அதன்பின் ஏறத்தாழ நூறு வருஷம் உலகத்து மோட்டார் வண்டிகள் இந்தத் தத்துவத்தைக் கொண்டே ஓடின. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் ஜி. டி. நாயுடு பிறந்ததும் அந்த 1893-ம் வருஷத்திலேயே. வாலிபப் பருவத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, கழற்றிப் பூட்டியே அவர் யந்திர வித்தை கற்றார் என்பதைத் தமிழர் அறிவர்.

இதனைக் கண்ட நாளில் மைபாக் தம் கம்பெனியில் இல்லை என்பது வியப்பன்றோ! 1890-ல் டைம்லர் பெயரால் கம்பெனி ஏற்பட்டபோது, முதலிட்ட பெருமக்கள் அவருக்குத் தக்க பதவி தர மறுத்தனர். அடுத்த வருஷமே அவர் விலகினார். டைம்லர் பொருளுதவி செய்ய, கான்ஸ்டாட்டில் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் மண்டபத்தில் இருந்துகொண்டே அவர் இவ்வேலையை முடித்தார். 1895-ல் கம்பெனி அவரைத் தொழில்துறைத் தலைவராகத் திரும்ப ஏற்றுக்கொண்டது. முன்பு வேண்டா என்றவர்கள் பின்பு வேண்டும் என்றது கார்புரேட்டரையும் புது யந்திரத்தையும் கருதியேயன்றி, அவர்மீது கொண்ட அன்பினால் அன்று என்றே எமக்குத் தோன்றுகிறது.

1900 மார்ச் மாதத்தில் டைம்லர் இறந்தார். அடுத்த மாதமே எமில் யெல்லினெக் என்னும் வியாபாரி, முப்பத்தாறு வண்டிகளை ஐந்தரை லட்சம் மார்க்குக்கு வாங்குவதாகவும், அவற்றுக்குத் தம் மகள் மெர்சிடிஸின் பெயரை இடவேண்டும் என்றும் உடன்படிக்கை செய்துகொண்டார். மைபாக் அவ்வண்டியை அமைத்தார். நான்கு சிலிண்டர், 35 குதிரைச் சக்தி; யந்திரத்தைக் குளிர்விக்க 8,070 சிறு குழாய்களைத் தேனடைபோற் சேர்த்த ரேடியேட்டர். 1901 மார்ச்சில் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அது ஏனையவற்றை எளிதில் வென்றது.

அவ்யந்திரத்தில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக வைத்தார். இதன் காரணத்தை நாஞ்சில் நாட்டார்க்கு விளக்குதல் எளிது. ஒரே மடையிலிருந்து நான்கு வயல்களுக்கு நீர் பாய்ச்சினால், மடைக்கு அருகிலுள்ள வயல் நிறைய, கடை வயல் வாடும். அவ்வாறே ஒற்றைக் கார்புரேட்டரிலிருந்து நீண்ட குழாய் வழியே செல்லும் கலவையும் எல்லாச் சிலிண்டர்க்கும் சமமாய்ச் சேர்வது அரிது. மடை இரண்டானால் வழி குறுகும், பாய்ச்சல் பெருகும். ஆனால் இரண்டு மடைப்பலகையும் ஒரே அளவு திறந்திருத்தல் வேண்டும். அங்கேதான் தொல்லை பிறக்கிறது.

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காருக்கு ஒரே கார்புரேட்டர் என்பதால், நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பலர்க்கு இத்தொல்லை நேர்ந்ததில்லை. எம்.ஜி., ஜாகுவார் முதலிய ஆங்கில வண்டிகளில் இரண்டும் மூன்றும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை எஸ். யூ. என்னும் வகையின. பாதரட்சை வியாபாரக் குடும்பத்தில் வந்த ஸ்கின்னர் என்பார் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அமைத்த இதில், ஆதியில் மெல்லிய தோலால் தைத்த துருத்தியே இருந்தது. பிற்காலத்தில் அதற்குப் பதிலாக உலோகப் பிஸ்டன் வந்தது.

இவ்வகை இரண்டைப் புதுக்குவோர் முதலில் ஒன்றன் உறுப்புகள் மற்றொன்றோடு கலவாதபடி தனித்தனித் தட்டில் வைத்தல் வேண்டும். ஒரு பிஸ்டன் அதனோடு இணைந்த மூடிக்கே பொருந்தும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றி அரக்குப்போல் ஒட்டியிருக்கும். அதனைக் கரைத்துக் கழுவுவதன்றி, ஜெட்டின் துளையில் கம்பியை நுழைத்தல் ஆகாது. துளை மயிரளவு பெருத்தாலும் அளவு போய்விடும். மிதவையை வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி எழுகிறதா என்று பார்க்க. எழுந்தால் அது ஓட்டை. இரண்டு அறையிலும் பெட்ரோல் மட்டம் ஒன்றாக இருக்கட்டும். திராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால் அவ்விடைவெளியில் திருட்டுக் காற்று நுழையும். புது புஷ் இடாமல் மேற்கொண்டு எது செய்யினும் வீண். அனுபவமில்லாதார் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. அவர்கள் தேய்மானத்தை விட்டுவிட்டுத் திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பர்.

பூட்டிய பின், வால்வின் இடைவெளியும் தீப்பொறி எழும் நேரமும் சரியென்று கண்டு, யந்திரத்தை நன்கு சூடேறவிட்டு, இரண்டு கார்புரேட்டரையும் பிணைக்கும் தண்டைத் தளர்த்துவர். ஒரு ரப்பர்க் குழாயின் முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறி வைத்து, சீறும் ஓசை இரண்டிலும் ஒத்திருக்குமாறு திருகாணியைத் திருத்துவர். காற்று ஒத்த பின்னரே பெட்ரோலைத் தொடுவர். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால், யந்திரத்தின் வேகம் கூடி அப்படியே நிற்குமாயின் கலவையில் பெட்ரோல் மிகுதி; தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு; சிறிது கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் சற்று மாறுமாதலால், இரண்டையும் இருமுறை மும்முறை பார்த்தல் வேண்டும். பின்பு தண்டை இறுக்கி, இரண்டு திராட்டிலும் ஒரே கணத்தில் திறக்கின்றனவா என்று கவனித்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பர். எல்லாம் இளம் பழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பாதி கரியேறியும் மறுபாதி வெளுத்தும் இருந்தால் மீண்டும் ரப்பர்க் குழாயை எடுக்க வேண்டியதே. காற்றை அளக்கும் கருவி இப்போது விலைக்குக் கிடைக்கிறது; ஆயினும் பழகிய காது அதற்கு மிகவும் தாழ்ந்ததன்று.

மெர்சிடிஸ் வண்டியால் கம்பெனி செழித்தது. மைபாக்கின் நிலையோ அங்கே தாழ்ந்தது. டைம்லர் இருந்தவரையில் கிடைத்த ஆதரவு பின் கிடைக்கவில்லை. 1907-ல் தம் அறுபத்தோராம் வயதில் அவர் மனம் நொந்து வெளியேறினார். வேறொருவராயின் ஓய்ந்திருப்பர். இவரோ 1909-ல், செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல்களுக்கு யந்திரம் செய்யும் தொழிற்சாலையைத் தம் மகன் காரல் நடத்தும்படி ஏற்படுத்தி, உடனிருந்து யோசனை கூறினார். முதல் உலக யுத்தம் முடிந்தபின் அம்மகன் செய்த கார்கள் மைபாக் என்னும் பெயரையே தாங்கி 1921-ல் வெளிவந்தன. தந்தை அப்போது எழுபத்தைந்து வயது முதியவர்.

கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுக் கருவியால் பெட்ரோலை அளந்து பீச்சும் முறை பின்னர் வந்தது. இந்தியாவிலும் 2020-ல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புது மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் கார்புரேட்டர் நீங்கிற்று. பழைய வண்டிகளைப் பேணுவோரிடத்தில் மட்டும் அது வாழ்கிறது.

வில்ஹெல்ம் மைபாக் 1929-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி காலமானார். கான்ஸ்டாட்டிலுள்ள உஃப் கல்லறைத் தோட்டத்தில், முப்பத்தைந்து வருஷம் தம்மோடு உழைத்த டைம்லரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர்.